கிட்டாருக்கு இன்னும் சில குரல்கள்

— செழியா, இன்னொரு தடவை கேட்டுக்கறேன். தந்திக்கு அடியில சத்தத்தை வாங்கற இந்தப் பிக்கப்பைத் திறந்துட்டா பழையபடி மூடுவேன்னு என்னால சொல்ல முடியாது. உள்ள இருக்கற கம்பி தலைமுடியைவிடச் சன்னம். அறுந்துச்சுன்னா உன் கிட்டாருக்கு வாயே போச்சு.

— தெரியும்க்கா. பிரி.

— நான் பிரிக்கறது இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர், கோயில் மைக்செட்டு. கிட்டாருல கை வச்சதே இல்ல. மெட்ராஸ்ல இதுக்குன்னே ஆளு இருப்பாங்கல்ல?

— அங்க அனுப்பி வாங்கறதுக்குள்ள வியாழக்கிழமை போயிடும். வியாழக்கிழமை கும்பகோணத்துல எனக்கு ரெக்கார்டிங்கு.

— ரெக்கார்டிங்கா? எத்தனை வருஷமா கோயில் கோயிலா மேடையேறி வாசிக்கற, ஒருத்தரும் உன்னை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டதில்லையே. நல்ல சேதியை மொதல்ல சொல்லமாட்டியா? சரி, விளக்கை இப்படிச் சாய். இன்னும் கொஞ்சம். மெழுகை ஊத்தி அடைச்சு வச்சிருக்கான் பாரு. அந்த முடி காய வைக்கற மிஷினை எடு, சூடு காட்டி இளக்கணும்.

— இந்தா.

— உனக்கு என்ன வேணும்னு மறுபடி சொல்லு. நான் பாட்டுக்கு எதையாவது தப்பா வெட்டிடப்போறேன்.

— ஒவ்வொரு பிக்கப்புக்குள்ளயும் கம்பி சுத்துன காயில் ரெண்டு இருக்குக்கா. ரெண்டும் சேந்து ஒரே குரலாத்தான் வருது, தடியா. அதைப் பிரிச்சுத் தனித்தனியா வெளிய எடுக்கணும். வால்யூம் திருகை மேல இழுத்தா ஒத்தைக் காயில் மட்டும் பேசணும். சன்னமா, கண்ணாடியைத் தட்டுன மாதிரி. டோன் திருகை இழுத்தா முன்னாடி பிக்கப்பும் பின்னாடி பிக்கப்பும் எதிரெதிராப் பேசணும். மூக்கால பாடுற மாதிரி வரும்.

— ஒரு கிட்டாருக்கு இத்தனை வேஷமா?

— எல்லாம் வேணும்க்கா. ஒண்ணு விடாம வேணும்.

— நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. உங்க ட்ரூப்புக்கு அந்தக் கேஷவ் கீபோர்டைத் தூக்கிட்டு வந்ததுலேந்துதான் நீ இப்படிப் பரபரன்னு இருக்க. ட்ரூப்பு நடத்துற இராஜாங்கம் அண்ணன் அவனைத் தலையில வச்சுக்கிட்டு ஆடறாராமே. ஊரே சொல்லுது.

— விடுக்கா. நல்லாத்தான் வாசிக்கறான். சீர்காழி திருவிழால பாத்தேன். பட்டனை அமுக்குனா புல்லாங்குழல், அடுத்ததை அமுக்குனா வயலினு. கிட்டாரும் வருது. ரெண்டு பாட்டுக்குச் சும்மா உக்காருங்கண்ணேன்னு என்கிட்ட சொல்லிட்டு அவனே கிட்டாரையும் சேத்து வாசிச்சான். கீழ உக்காந்திருந்தவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

— உனக்குத் தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. அது எந்த ஊருலயோ எவனோ வாசிச்ச கிட்டாரு. சுத்தமா இருந்துச்சு. யாருதுன்னுதான் தெரியல.

— அதான் பாத்தேன். அவன் பன்னெண்டு விதமா காட்டுனா நீயும் காட்டு. நான் பண்ணித் தர்றேன். உன் எடத்தை எவன் எடுத்துடறான்னு பாக்கலாம்.

— ம்.

— அசையாத. இந்த ரெண்டு காயிலும் சேர்ற முடிச்சு இதுதான். இதை எடுத்துட்டா வேலை முடிஞ்ச மாதிரி. பேசாத கொஞ்சம்.

— என்னக்கா ஆச்சு?

— அறுந்துடுச்சு.

— அக்கா.

— இரு, பதறாத. மேல் சுத்துதான் அறுந்திருக்கு. ஒரு சுத்துப் பிரிச்சா முனை கிடைக்கும். மூச்சு விடாதடா, பறந்துடும். அந்த இடுக்கியைக் குடு. புடிச்சாச்சு. ஈயத்தை நீட்டு. போதும். சாமி, கையெல்லாம் வேர்த்துப்போச்சு எனக்கு.

— மீட்டர்ல காட்டுதா?

— காட்டுது. உசுரு இருக்கு. இன்னொண்ணையும் இப்படியே எடுத்துடறேன், பழகிடுச்சு. நீ போய் ரெண்டு டீ சொல்லிட்டு வா.

— நான் இங்கயே இருக்கேன்க்கா.

— இருந்து என்ன பண்ணப்போற? சரி, உக்காரு. வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு இந்தக் கட்டையே கதின்னு கிடக்கற. அம்மா போறப்பகூட உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டுப் போச்சு. இதாவது உனக்குக் கை குடுக்கட்டும்.

— முடிஞ்சுதா?

— ம். ஒயரை ஆம்ப்ளிஃபயர்ல சொருகு. சும்மா அடி. அட, சன்னமா வருதுடா, நெசமாவே. இப்ப டோனை இழு. மூக்கால பாடுது பாரு! எனக்கே சிரிப்பு வருது. ஏண்டா நீ சிரிக்கமாட்டேங்கற?

— நல்லா இருக்குக்கா. நான் நினைச்சதுக்கு மேலயே இருக்கு.

— இரு, இந்த எர்த்து ஒயரு மட்டும் லேசா ஆடுது, ஒரு சொட்டு ஈயம் வச்சுடறேன். கிட்டாரை மடியில வச்சு நல்லாப் புடிச்சுக்க. ஆமா, ரெக்கார்டிங்குல என்ன பாட்டு?

— பாட்டு இல்ல. சுரம் மட்டும்தான். ஒவ்வொரு தந்தியிலயும் ஒவ்வொரு சுரமா வாசிக்கணும். ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை பலமா. முடிஞ்சதும் திருகை இழுத்துட்டு மறுபடி மொதல்லேந்து.

— அதை வச்சு என்ன பண்ணுவாங்க?

— கேஷவ் கீபோர்டுல ஏத்திக்குவான்.

— புரியல. இல்ல, இரு, புரியுது. அவன் பட்டனை அமுக்குனா உன் கிட்டாரு வரும். நான் இப்ப வச்ச அத்தனை குரலும் வரும்.

— ஆமாக்கா.

— அப்புறம் நீ எதுக்கு?

— நான் வேணாம். அவ்வளவுதான்.

— இதுக்கா என்னைக் காலையிலேந்து உக்காத்தி வச்ச? உன் எடத்தைக் காப்பாத்தறோம்னு நினைச்சுல்ல கண்ணைக் கெடுத்துக்கிட்டேன். என் கையாலயே உனக்குக் குழி வெட்டியிருக்கேன். அந்தப் போனை எடு. இராஜாங்கம் அண்ணன்கிட்ட நானே கேக்கறேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துல முன்வரிசைல உக்காந்து சாப்பிட்ட மனுஷன், உன்னைக் கூப்பிட்டு இப்படிக் கேக்க எப்படி மனசு வந்துச்சு?

— போடாதக்கா. அவரு கேக்கல.

— அப்ப அந்தக் கேஷவா?

— அவனும் இல்ல. வேணாம்ணேன்னு சொல்லி அழுதுட்டான் அவன். நான்தான் ரெண்டு பேருகிட்டயும் கெஞ்சுனேன். என் கிட்டாரை எடுத்து வச்சுக்கங்க, சீக்கிரமா எடுத்துக்கங்கன்னு.

— எதுக்குடா? கிறுக்கா உனக்கு? வாசிக்கறவன் நீ குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்க, உன்னை எடுத்து வச்சு என்ன... என்ன வாடை இது? செழியா, ஈயம் வைக்கற ராடு உன் இடது கைல பட்டுக்கிட்டு இருக்கு. விரலு பொசுங்குது, கையை எடு.

— எந்த விரல்லக்கா?