இடம் மாத்தின பட்டன்

ஒரு விடுகதை போடறேன், சொல்லுங்க சிஸ்டர். திறந்தா போகாது, மூடினாத்தான் போகும். என்னது? கதவா? கதவைத் திறந்தாத்தானே போகலாம். சுவிட்சு. அதை மூடினாத்தான் கரண்ட் அதுவழியாப் போகும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அதுல நானே ஒரு தடவை ஏமாந்தேன். ஃபாரத்தை அப்படி வைங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டு வந்திருக்கீங்க, அதுக்குத்தான் வர்றேன்.

கண்காட்சியில பெரிய ஸ்கிரீன் வச்சிருப்பாங்கல்ல, தொட்டா படம் ஓடும், கரண்ட் எப்படிப் போகுது, ரேடியோ எப்படிப் பாடுதுன்னு சொல்லித்தரும். அந்தப் பாடமெல்லாம் நான் பண்றதுதான். படம் வரையறது என் மச்சான். ஒரு தடவை எலக்ட்ரானுக்குக் காலு வரைஞ்சு ஓட விட்டான். எம்பொண்ணு பாத்துட்டு, மாமா, இதுக்குச் செருப்பு வாங்கித் தரலையான்னு கைஜாடையில கேட்டா. பத்து வயசு. காதுதான் கேக்காது, கைக்கொழுப்புக்குக் குறைச்சலில்லை.

முதல் பாடத்துல திற, மூடுன்னு ரெண்டு பட்டன் வச்சேன். லைட் எரியணும்னு எல்லாரும் திறங்கிற பட்டனை அமுக்கறாங்க. இருட்டு. மிஷின் ரிப்பேருன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார். அதுலேருந்து ஒரு பழக்கம். புரிஞ்சு அமுக்கறாங்களா, கை போன பக்கம் அமுக்கறாங்களான்னு தெரிஞ்சுக்க, பட்டனை வலது இடது மாத்தி வச்சுப் பாப்போம்.

எம்பொண்ணுக்குன்னே ஒரு பாடம் பண்ணேன். காதுக்குள்ள வைக்கிற மிஷின் எப்படி வேலை செய்யும், எங்க வெட்டுவாங்க, முதல்ல எல்லாச் சத்தமும் கரகரன்னுதான் வரும், எல்லாம் ஒளிக்காம. பொண்ணையும் கேட்டுடுங்கன்னு உங்க டாக்டரே சொன்னாரே. கடைசியில வைக்கலாம், வேண்டாம்னு ரெண்டு பட்டன். வைக்கலாம்ங்கிறதை வலது பக்கம் வச்சேன். அங்கதான் எல்லாருக்கும் கை போகும். தெரிஞ்சேதான் வச்சேன்.

பாத்தா, அமுக்கினா. கை தவறியிருக்கும்னு அவங்கம்மா சொன்னா. சொல்லிட்டு அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா. ரெண்டு நாள் விட்டு, பட்டனை இடம் மாத்திக் காட்டினேன். அப்புறம் எழுத்தைப் பெருசு பண்ணிக் காட்டினேன். அந்தத் தடவை, அமுக்கறதுக்கு முன்னாடி என்னைப் பாத்து, பாடம் நல்லாப் புரியுதுப்பான்னு கையைக் காட்டினா.

டீ ஆறுது, குடிங்க.

அவ அமுக்கினது வேண்டாம்தான் சிஸ்டர். மூணு தடவையும்.