சி பிரிவின் புகார் அதிகாரி

இந்த வருடம் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. என் மனைவி நோரீன் உங்களுக்கும் ஒரு பை கட்டிக் கொடுத்தாள். எதிர்த்தரப்பு ஆளிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, மிஸ் லோவெல். விதி என்றால் விதிதான். நானும் விதிப்படி நடக்கிறவன்.

என் பெயர் வெண்டல் ஸ்ட்ரிக்லின். அலபாமா மாநிலச் சிறையில் இருபத்திரண்டு வருடம் வேலை, கடைசியாக லெப்டினன்ட். இந்த வழக்கு வாக்குமூலத்தில் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி என் வக்கீல் காலையிலிருந்து காதைக் கடிக்கிறார். ஓட்டிஸ் ரெம்பர்ட் எப்படிச் செத்தான் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதை ஆமாம், இல்லையில் சொல்ல முடியாது. அவனுடைய அக்கா உங்கள் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு முழுதாகச் சொல்வதுதான் மரியாதை.

சி பிரிவு தனிமைச் சிறை. நாற்பது அறை, அறைக்கு ஒருவன், நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் உள்ளேதான். மேலே தகரக் கூரை. ஜூலையில் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. அங்கே குறை இருக்கிற கைதி அதைப் படிவத்தில் எழுதி என்னிடம் தரவேண்டும். சம்பவம் நடந்த பதினைந்து நாளுக்குள் தரவேண்டும். ஒரு படிவத்தில் ஒரு குறைதான். அடியில் கையெழுத்து வேண்டும். என்னிடம் தேறி, சிறைத் தலைவரான வார்டனிடம் தேறி, அதற்கு மேலும் ஒரு முறையீடு முடிந்த பிறகுதான் அவன் நீதிமன்றத்துக்குப் போகலாம். நடுவில் ஒரு படி தவறினால் நீதிபதி வழக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார். இது நான் போட்ட சட்டம் இல்லை, வாஷிங்டனில் போட்டது. நான் அந்த வாசலில் நின்றவன், அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்தில் என் மேஜையைத் தாண்டி ஒரு புகார்கூட நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் வார்டன் அதைச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ரெம்பர்ட்டுக்கு ஐம்பத்தோரு வயது. இருபத்து நாலு வயதில் துப்பாக்கியோடு ஒரு மருந்துக் கடையில் நுழைந்ததற்கு ஆயுள் தண்டனை. ஒல்லியான ஆள், ஆஸ்துமா உண்டு. சிறை நூலகத்தில் சட்டப் புத்தகம் படித்துப் படித்து, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பான். அவனை ஆட்கள் 'வக்கீல்' என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம், வேறு தொனியில்.

போன வருடம் ஜூலையில் அவனுக்கு அடுத்த அறையில் ஜூனியஸ் போக் என்றொருவன் வெக்கை தாங்காமல் செத்தான். இருபத்தொன்பது வயது, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். இரண்டு நாள் தண்ணீர் கேட்டுக் கத்தினான் என்று ரெம்பர்ட் எழுதியிருந்தான். மூன்று நாள் என்பதுதான் சரி. அந்தப் புகாரை நான் திருப்பினேன்.

"ரெம்பர்ட், இதுல ரெண்டு குறை இருக்கு. வெக்கை ஒண்ணு, சாவு ஒண்ணு. தனித்தனியா எழுது."

"வெக்கையாலதான் சார் செத்தான்."

"அது டாக்டர் சொல்லணும். படிவத்துக்கு ஒண்ணு."

மறுநாள் இரண்டு படிவம் வந்தது. எழுத்து ஓரக்கோட்டைத் தாண்டியிருந்ததால் திருப்பினேன். அதற்கடுத்த முறை தேதியை அவன் எண்ணில் எழுதியிருந்தான், மாதத்தின் பெயரை எழுத்தில்தான் எழுதவேண்டும். அவன் கோபப்படவே இல்லை. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"லெப்டினன்ட், உங்ககிட்ட பாடம் படிச்சா நானும் பரீட்சை பாஸ் பண்ணிருவேன் போலிருக்கே."

பாஸ் பண்ணினான். பதினைந்தாவது நாள் காலையில் குறையே சொல்லமுடியாத இரண்டு படிவம் தந்தான். அவற்றை மாலை வரை இழுப்பறையில் வைத்திருந்து, மறுநாள் தேதியில் 'தாமதம்' என்று முத்திரை வைத்தேன். ஆனால் அதற்கு முந்தைய வாரமே அவன் அதே புகாரை அப்படியே பிரதியெடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். இந்த அம்மா அதை வார்டனுக்குப் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை வாங்கி வைத்திருந்தார். ரெம்பர்ட் வழக்குப் போட்டபோது நீதிபதி ரசீதிலிருந்த தேதியைப் பார்த்தார், வழக்கை எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கைதியை நேரில் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு வந்தது. நீங்களும் அந்த வாரம்தான் அவனுடைய வக்கீலாக வந்தீர்கள்.

வார்டன் என்னைக் கூப்பிட்டு ஒரே வரிதான் சொன்னார். "வெண்டல், உன் மேஜையைத் தாண்டிப் போயிருச்சே." அதை உத்தரவு என்று நான் சொல்லமாட்டேன். அவர்மேல் பழி போடுகிறவன் இல்லை நான். அவர் சொன்னது அவ்வளவுதான், நான் புரிந்துகொண்டது என் பொறுப்பு.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு சி பிரிவுக்குப் போனேன். காவலர் டார்னெல் க்வின் கூட வந்தார். பதினாலு வருடம் என்னோடு வேலை பார்த்தவர், நல்ல மனிதர். அவர் நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார் என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் பொய் இருக்காது.

அறைக் கதவின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு போகிற அளவுக்கு ஒரு துவாரம், அதற்குக் கீழிருந்து மேலே சாத்துகிற இரும்பு மூடி. அதைத் திறந்து, அறைச் சோதனை, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொடு என்றேன். அவன் காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தந்தான். நீதிமன்றத்துக்கு எடுத்து வைத்திருந்த குறிப்புகளும் அதில் இருந்தன. பிறகு இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதுவுமா சார்?"

"எல்லாம்னா எல்லாம்."

கொடுத்தான். அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விலங்கு மாட்ட வேண்டுமானால் கைதி திரும்பி நின்று, இரண்டு கையையும் பின்னால் துவாரத்தில் நீட்டவேண்டும். திரும்பச் சொன்னேன். நீட்டினான். நான் விலங்கை எடுக்கவில்லை. பூட்ஸ் காலால் மூடியை மேலே உதைத்தேன்.

முதல் உதையில் அவன் மூச்சை உள்ளே இழுக்கிற ஓசை மட்டும் கேட்டது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். மணிக்கட்டு சிக்கியிருந்தது. இரண்டாவது உதையில் வலது கையில் எலும்பு முறிந்தது, பச்சை விறகு முறிகிற மாதிரி. நாலாவதில் நடுவிரல் தோலில் மட்டும் தொங்கியது. எல்லா உதையும் வலது கையைப் பார்த்துத்தான் விழுந்தது. எழுதுகிற கை அது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

"லெப்டினன்ட், போதும்," என்றார் க்வின்.

காலை எடுத்தேன். ரெம்பர்ட் உள்ளே விழுந்தான். கொஞ்ச நேரம் முனகினான். பிறகு தரையிலிருந்தே, நிதானமாக, நான் மறக்கமுடியாத மாதிரிப் பேசினான்.

"நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி இந்தக் கையைத்தான் சார் முதல்ல காட்டுவேன். பேப்பர் எதுக்கு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. முறிந்த கை காகிதத்தைவிட எங்களுக்கு மோசமான சாட்சி. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

பெப்பர் ஸ்ப்ரேயைத் துவாரத்தில் வைத்து அழுத்தினேன். ஒரு தடவைக்கு மூன்று விநாடி என்பது விதி. டப்பா காலியாகும் வரை அடித்தேன். பிறகு க்வின்னிடம் கை நீட்டினேன். அவர் தன் டப்பாவைத் தந்தார், அதற்காகத்தான் அழுதிருப்பார். அதையும் காலி செய்தேன். மூடியைச் சாத்தித் தாழ் போட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீர்க் குழாயின் வால்வு வெளியே, நடைபாதையில் இருக்கிறது. அதையும் மூடினேன்.

க்வின் நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "பத்து மணிக்கு வரச் சொல்லு, இப்ப ஆள் முரண்டு பண்றான்," என்றேன். அவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை.

நான் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கைதி துவாரத்தின் வழியாக என் சட்டையைப் பிடித்து இழுத்தார், தற்காப்புக்காக மூடியைச் சாத்த நேர்ந்தது, குறைந்தபட்ச பலமே பயன்படுத்தப்பட்டது. இப்படி வாக்கியங்கள் எனக்கு எப்போதும் தடையில்லாமல் வரும். உள்ளே அவன் இருமிக்கொண்டிருந்தான். பிறகு இருமல் போய், பழைய கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு இழுப்பு. வாந்தி எடுத்தான். குழாயைத் திருகிப் பார்த்தான், பிறகு கழிப்பறைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான், அந்தச் சத்தம் கேட்டது. அக்காவின் பெயரைச் சொன்னான். ரோஸெட்டா என்று இரண்டு தடவை. மன்னிக்கவேண்டும் அம்மா, இதுவும் நடந்ததுதான்.

'ஒன்பது நாற்பதுக்குக் கைதி அசைவின்றிக் காணப்பட்டார்' என்று நான் எழுதி முடித்தபோது அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அறிக்கையை நடைபாதைக் கணினியில் ஏற்றியது ஒன்பது இருபத்தைந்துக்கு. அந்த நேரத்தை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள், மிஸ் லோவெல். சாகாத ஆளைச் செத்ததாக எழுதிவிட்டு நான் காத்திருந்தேன். அப்படித்தான் ஆயிற்று. ஒன்பது ஐம்பதுக்குத் தட்டல் நின்றது. இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்தபோதுதான் கதவைத் திறந்தேன்.

நான் கொன்றேன். என் வக்கீல் கையை அழுத்துகிறார், அழுத்தட்டும். வேறு யாரும் சொல்லிக் கொல்லவில்லை, கோபத்தில் கை மீறியும் போகவில்லை. இன்ஹேலரை வாங்கிப் பையில் போட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கோப்பில் கடைசியாக இருக்கும் காகிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அது அவன் எழுதியதுதான். மெத்தைக்கு அடியில் ஒரு வெற்றுப் படிவமும் ஒரு பென்சில் துண்டும் தப்பியிருக்கின்றன. இடது கையால், கண் தெரியாமல் எழுதியிருக்கிறான், வரிகள் சரிந்து போயிருக்கின்றன. 'மூச்சு விட முடியவில்லை. இன்ஹேலர் வேண்டும்.' ஒன்பது முப்பத்தைந்துக்குக் கதவின் அடியில் தள்ளினான். நான் குனிந்து எடுத்தேன். நேரம் குறித்தேன். ஒரே குறை, ஓரக்கோடு தாண்டவில்லை, மாதத்தைக்கூட எழுத்தில் எழுதியிருந்தான். ரத்தம் பட்டிருந்தது. அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, அதனால் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அடியில் கையெழுத்து இல்லை. காரணம் எழுதி, முத்திரை வைத்து, கதவின் அடியிலேயே திருப்பித் தள்ளினேன். உள்ளே அதை எடுக்கிற சத்தமும் கேட்டது.

அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லவேண்டும். அவன்மேல் எனக்கு ஒருநாளும் வன்மம் இருந்ததில்லை. பெயரை மட்டும் எழுதியிருந்தால், கதவைத் திறந்திருப்பேன்.