உள்பக்கக் கைப்பிடி

பிரசன்னா: மூடிருச்சா?

சுபாஸ்ரீ: மூடிருச்சு.

பிரசன்னா: மூடிருச்சுன்னா... சும்மா சாத்தியிருக்கா, இல்ல பூட்டும் விழுந்துருச்சா?

சுபாஸ்ரீ: கதவு சாத்தினா தானா பூட்டிக்கும்னு பேசிப் பேசி வித்தது யாரு?

பிரசன்னா: நான்தான். தள்ளிப் பாத்தியா?

சுபாஸ்ரீ: 'யானை தள்ளினாலும் அசையாது'ன்னு விளம்பரத்துல எழுதினது?

பிரசன்னா: அதுவும் நான்தான்.

சுபாஸ்ரீ: அப்புறம் என்ன? ஜிம்முக்குப் பணம் மட்டும் கட்டற நீ தள்ளப் போறியாக்கும்!

பிரசன்னா: விளையாடாதே சுபா. இங்கே எவ்ளோ டிகிரி?

சுபாஸ்ரீ: கேரட்டுக்கு வசதியா இருக்கும். நமக்குத்தான் தெரியல.

பிரசன்னா: போன்ல டவரே இல்ல. நாலு பக்கமும் தகடு. ஏய், நம்ம ஆப்ல உள்ளேருந்து திறக்க வழியே இல்லையே!

சுபாஸ்ரீ: நீதானே எழுதினே.

பிரசன்னா: நான் வெளியே உக்காந்துல்ல எழுதினேன்!

சுபாஸ்ரீ: ம்...

பிரசன்னா: கதவு இடுக்குல ஒரு செங்கல் இருந்துச்சே...

சுபாஸ்ரீ: இருந்துச்சு. இந்தப் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்ல நம்ம பூட்டு மாட்டின ஒவ்வொரு குளிர் ரூம்லயும் ஒரு செங்கல் இருக்கு. கவனிச்சியா?

பிரசன்னா: அது அவங்க சோம்பேறித்தனம்.

சுபாஸ்ரீ: இப்ப எங்கே அந்தச் செங்கல்?

பிரசன்னா: வீடியோவுல அசிங்கமா தெரியும்னு... காலால ஒதுக்கிட்டேன். வாட்ச்மேன்கூட 'இருக்கட்டும் சார்'னாரு. வேணாம்ங்கறதை 'நக்கோ பாய்'னு ஸ்டைலா சொல்லிட்டு வந்தேன். இந்த ஊர் பாஷையில எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். அதாலயே சாகப்போறேன்.

சுபாஸ்ரீ: கத்திப் பாரு.

பிரசன்னா: யாராவது இருக்கீங்களா? பாய்! ... பாய்! ... கேக்குமா?

சுபாஸ்ரீ: கேக்காது.

பிரசன்னா: எப்படி இவ்ளோ உறுதியா... ஏய், நீயும் நடுங்கறே!

சுபாஸ்ரீ: குளிருது.

பிரசன்னா: அப்ப கதவுல சாயாதே. இன்னும் ஜில்லுனு இருக்கும்.

சுபாஸ்ரீ: இங்கேயே நிக்கறேன். சாப்பிடப் போனவங்க வந்து ஆப்ல திறப்பாங்க, விடு.

பிரசன்னா: திறக்க முடியாது.

சுபாஸ்ரீ: ஏன்?

பிரசன்னா: சர்வரை... காலையில நிறுத்திட்டேன்.

சுபாஸ்ரீ: என்னது?

பிரசன்னா: நம்ம ஸ்டார்ட்அப் முடிஞ்சுருச்சு சுபா. ஹைடெக் சிட்டியில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கண்ணாடி முன்னாடி ஒத்திகைகூட பாத்தேன். கண்ணாடியில இருந்தவனே நம்பல. சரி, சர்வரை நிறுத்தினா யாராவது போன் பண்ணித் திட்டுவாங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒருத்தர்கூடப் பண்ணல. அதுதான் இன்னும் பயமாயிருச்சு.

சுபாஸ்ரீ: திங்கக்கிழமையேவா?

பிரசன்னா: ஆமா. திட்டு சுபா, நல்லா திட்டு.

சுபாஸ்ரீ: கதவு மூடினதும் உன் கண்ணு முதல்ல எங்கே போச்சு?

பிரசன்னா: இப்ப இதான் கேள்வியா?

சுபாஸ்ரீ: சொல்லுடா.

பிரசன்னா: உள்பக்கம் கைப்பிடி இருக்கான்னு பாத்தேன்.

சுபாஸ்ரீ: இருந்துச்சா?

பிரசன்னா: முன்னாடி இருந்துச்சு. நம்ம பூட்டுக்கு இடம் பத்தலைன்னு நான்தான்... கழட்டச் சொன்னேன்.

சுபாஸ்ரீ: திருடன் வெளியேருந்து வருவான்னே இத்தனை நாளும் யோசிச்சோம். கேரட்டை எவன்டா திருடப் போறான்? இவங்க பயமெல்லாம் உள்ளேடா.

பிரசன்னா: அப்ப... உள்ளேருந்து திறக்க ஒரு கைப்பிடி. வெளியே கேக்கற மாதிரி ஒரு மணி. கரன்ட் போனாலும் அடிக்கணும். அய்யோ, இதையில்ல நாம செஞ்சிருக்கணும்! எனக்கு ஐடியா வர்ற நேரத்தைப் பாரு!

சுபாஸ்ரீ: ஒண்ணும் ஆகாது. நான் நகந்துக்கறேன், கதவைத் தள்ளு.

பிரசன்னா: எதுக்கு, யானைக்கே...

சுபாஸ்ரீ: தள்ளுடா.

பிரசன்னா: ஏய்... திறக்குது! வெயிலு! சுபா, திறக்குது! பூட்டு என்ன ஆச்சு?

சுபாஸ்ரீ: மார்க்கெட்ல இருக்கற நம்ம பூட்டு எல்லாத்தோட ஒயரையும் ரெண்டு மாசம் முன்னாடியே வெட்டிட்டேன், இப்ப எதுவும் பூட்டாது. அப்பவும் அவங்க செங்கல்லை எடுக்கல, நம்ம மேல அவ்ளோ நம்பிக்கை. இதைச் சொல்லத்தான் வீடியோன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தேன். சொல்ல பயம்.

பிரசன்னா: பாவி! எனக்கு உயிரே போயிருச்சு!

சுபாஸ்ரீ: போ. வெளியே போ. திங்கக்கிழமை வேலைக்கும் போ.

பிரசன்னா: இரு, அந்தச் செங்கல்லை எடுத்து கதவுக்கு முட்டு குடுத்துட்டு வர்றேன். கைப்பிடி எந்த உயரத்துல வரணும்னு அளக்கணும்... ஆமா, திறக்கும்னு தெரிஞ்ச நீ எதுக்கு அப்படி நடுங்கினே?

சுபாஸ்ரீ: தெரிஞ்சும் பயம்டா. அதான் கதவை விட்டு நகரவே இல்ல.

பிரசன்னா: சுபா... ஒயரை வெட்டற அளவுக்கு யாராவது உள்ளே மாட்டிக்கிட்டாங்களா?

சுபாஸ்ரீ: ம்.

பிரசன்னா: யாரு? லோடுமேனா?

சுபாஸ்ரீ: லோடுமேன் கேரட் எடுக்க வந்துதான் கதவையே திறந்தாரு... ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு போட்டேனே, ஞாபகம் இருக்கா? காய்ச்சல் இல்லடா.