தகட்டுக்காக நின்ற ரயில்

ஷெல் வருகிறது. முதலில் விசில். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நிலம் எழும்பி விழுகிறது.

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

மேடையில் நின்றவர்கள் விழுகிறார்கள். ரயிலுக்குள் இருப்பவர்களால் விழ முடியாது. இடமில்லை.

1990 ஜூன். போர் மறுபடி மூண்டுவிட்டது. யாழ்ப்பாண நகரை ஒட்டிய சிறு புறநகர் நிலையம். நான் அதன் நிலைய அதிபர். தமிழ்நாட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். தெற்கே தப்பிப் போகும் ரயில் என் முன்னால் நிற்கிறது. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு பித்தளைத் தகடு. அடுத்த நிலையத்தார் மணி அடித்துச் சம்மதம் சொன்னால் என் அறையிலுள்ள இயந்திரம் தகட்டை விடும். தகடு ஓட்டுநர் கைக்குப் போனால்தான் ரயில் நகரலாம். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். புகையிலைச் சிப்பங்கள் கொழும்புக்குப் போன காலத்திலும், குமாஸ்தாக்கள் விடுமுறைக்கு வந்திறங்கிய காலத்திலும் என் நிலையத்தில் அது தவறியதே இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

நான் மணி அடிக்கிறேன். பதில் இல்லை. மறுபடி அடிக்கிறேன். தொலைபேசியில் இரைச்சல்கூட இல்லை.

ஓட்டுநர் அருளப்பு என்ஜினிலிருந்து கத்துகிறார். "மாஸ்டர், விடுங்கோ! ஊதிக்கொண்டு மெல்லமாப் போறன்!"

"தகடில்லாம ஏலாது!"

"அங்க ஆள் இருந்தாத்தானே தகடு வரும்!"

அது எனக்கும் தெரிந்திருந்தது. அடுத்த நிலையத்தில் இருந்தவர்கள் ஓடிப்போயிருப்பார்கள். எதிரே எந்த ரயிலும் வராது. நான் விபத்துக்கு அஞ்சவில்லை. விசாரணைக்கு அஞ்சினேன். ஷெல் விழும் ஊரில், யாரோ ஒரு மேலதிகாரி பின்னால் கேள்வி கேட்பான் என்று அஞ்சினேன்.

முதல் பெட்டியில் ஜன்னலோரம் என் தங்கை மகேஸ்வரி. நான்தான் இடம்பிடித்து உட்கார வைத்தேன். அவள் கத்தவில்லை. அண்ணன் இருக்கும் நிலையத்தில் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற முகத்தோடு இருந்தாள்.

மறுபடி விசில். இந்த முறை ஷெல் ரயில் மேலேயே விழுந்தது.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கும் மாதம் அது. பெட்டிகளில் கூடை கூடையாகப் பழம். எல்லாம் நசுங்கிச் சதையோடு சதையாகக் கிடந்தது. கையால் பிரித்தோம். அந்த இனிப்பு வாடை. அந்த ஈக்கள். அதற்கு மேல் எழுத முடியாது. முடியும். எழுதுகிறேன். தங்கையின் கை என்று நான் எடுத்தது வேறொருவரின் கை.

பிறகு படகு. தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம். அகதி முகாம். இப்போது சென்னையை ஒட்டிய பொத்தேரி. கல்லூரி மாணவர்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலேயே மின்சார ரயில். வருகிறது, போகிறது.

2003. அங்கே சண்டை ஓய்ந்திருந்தது. மகேஸ்வரியின் மகன் ரவி, கனடாவில் இருப்பவன், ஊருக்குப் போய்விட்டு என்னைப் பார்க்க மெஸ்ஸுக்கு வந்தான். தண்டவாளமே இல்லை மாமா என்றான். பிடுங்கிக்கொண்டு போய்ப் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கிவிட்டார்கள். சிலிப்பர் கட்டைகளும் போய்விட்டன. பயணிகள் அறையில் மாடு கட்டியிருக்கிறது. ஆனால் ஒருநாள் ரயில் திரும்பி வரும், புது நிலையம் எழும்பும். செத்தவர்களுக்கு அங்கே ஒரு கல் வைப்போம். அதில் உங்கள் பெயரும் இருக்கும், கடைசிவரை கடமையில் நின்றவர் என்று. இப்படியெல்லாம் சொன்னான். ரயில் ஏன் நின்றது என்று கேட்கவில்லை.

மெஸ் முதலாளி ஏழுமலைக்கு ஒரே குஷி. "இன்னா பெர்சு, உயிரோட கீறப்பவே உனக்குக் கல்லு வெக்கிறாங்களா? எங்க கவுன்சிலருக்கே இல்லியேப்பா! போட்டோவும் உண்டா?"

ரவி சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் புளிக்கிறது.

ரவி போன பிறகு ஏழுமலையிடம் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ நீ வுட்டிருந்தா வண்டி போயிருக்கும்?"

"போயிருக்கும்."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு பெர்சு. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா நீ சொல்லாம இங்க குந்திகினு கீறது எனக்கே பேஜாரா கீது."

மறுநாளிலிருந்து அவர் என்னோடு கேலி பேசுவதில்லை.

அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படிப்பதற்கு முன்னால் ரவி இதைப் படிப்பான். ரவி, கல் வையுங்கள். என் பெயரை அதில் வெட்டுவதென்றால், ரயிலை நிறுத்தி வைத்தவன் என்று வெட்டுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இழந்தவை. நிலையத்தின் கூரை. கைகாட்டி மரம். ரயிலின் மூன்று பெட்டிகள். பின்னர், தண்டவாளம் முழுவதும்.

இழந்தவர்கள் பதினொரு பேர். ஓட்டுநர் அருளப்பு. மாம்பழம் கொண்டுவந்த பொன்னம்மா. அவள் மகள். தபால்காரர் கந்தையா. உன் அம்மா மகேஸ்வரி. என் நிலையத்தில் ஏறிய, பெயர் தெரியாத ஆறு பேர். அந்த ஆறு பேர் கையிலும் டிக்கெட் இருந்தது. அன்றைக்கும் டிக்கெட் வாங்காமல் ஒருவரையும் நான் ஏற விடவில்லை.