அரைக் கட்டம்

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, ஐயா. நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை துடைத்துவிட்டீர்கள். துணியில் இருக்கிற தூசி கண்ணாடியில் கோடு போட்டுவிடும். அப்புறம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அலைவீர்கள். இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பா எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

பாப்பா என் தங்கையின் ஒரே மகள். இருபத்தாறு வயது. பெயர் ஒன்று இருக்கிறது, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பிக்சல் படம் வரைவது அவள் வேலை. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டுவோமே, அதைத் திரையில் செய்வாள். ஒரு மரத்தின் நிழலுக்கு அரை நாள் உட்கார்ந்திருப்பாள். தங்கை துணியில் கிராஸ் ஸ்டிச் போடுகிறவள். கட்டத் துணியில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகக் குத்திப் படத்தைக் கொண்டுவருவாள். மகள் வைக்கும் ஒரு கட்டம், அம்மா போடும் ஒரு தையல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்கென்று ஒரு படம் வரைவது பாப்பாவின் வழக்கம். குறுக்கே நாற்பத்தெட்டு கட்டம், நெடுக்கே நாற்பத்தெட்டு கட்டம், நிறம் பதினாறு. அம்மாவின் தகர டப்பாவில் பதினாறு நிற நூல்தான் இருந்தது, அதனால்.

தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தவறிய பிறகு நான் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். பதினான்கு வருடம். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனால் மேஜையில் தட்டு வைத்திருக்கும். சாயங்காலம் தங்கை தைப்பாள், நான் பேப்பர் படிப்பேன். அதிகம் பேசிக்கொள்ளக்கூட மாட்டோம். யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. தங்கைக்குப் பிடிக்கவில்லை. அம்மாவும் மகளும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டார்கள். "போதும்மா, இனிமே உன்கிட்ட பேசவே மாட்டேன்" என்று பாப்பா கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அந்த வாக்கியம் பிறகு எனக்கு உதவியாக இருந்தது. மறுநாள் காலையில் தங்கை முகம் கொடுக்காமல், தைத்து முடித்தவற்றை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். பாப்பாவைப் பஸ் நிலையத்தில் விட நான்தான் காரை எடுத்தேன்.

அன்று மாலை தங்கையின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'கொஞ்ச நாள் எனக்குப் போன் பண்ணாதேம்மா. படம் மட்டும் அனுப்பறேன்.' அதை அனுப்பியவன் நான். பாப்பாவின் போன் என் கடை மேஜை இழுப்பறையில் இருந்தது. வேலைக்கு வரவில்லை என்று அந்தக் கம்பெனிக்கும் அதிலிருந்தே எழுதிவிட்டேன்.

படம் அனுப்புவதாக எழுதிவிட்டேனே தவிர, எனக்கு வரைய வராது. வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஏஐ வந்துவிட்டதே. என்ன வேண்டுமென்று எழுதினால் படம் வந்துவிடுகிறது. பாப்பாவின் பழைய படங்களை அதற்குக் காட்டினேன். ஜன்னல், மழை, மேஜை மேல் ஒரு தேநீர்க் கோப்பை, பிக்சல் படமாக வேண்டும் என்று எழுதினேன். ஒரு தேநீர் ஆறுவதற்குள் நான்கு படம் கொடுத்தது. அவள் அரை நாள் உட்கார்ந்து செய்வதை அது எவ்வளவு சுலபமாகச் செய்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்லதாக ஒன்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். கடையிலேயே பிரிண்ட் போட்டும் கொடுத்தேன்.

தங்கை அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு ஊசியில் நூல் கோர்த்தாள். இரண்டு நாள் கழித்து நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"அண்ணா, இது எண்ணிக்கைக்கு வரலையே. வரிசைக்கு நாப்பத்தெட்டு இருக்கணும். ஒரு வரிசையில நாப்பத்தொம்பது வருது, கீழ நாப்பத்தேழரை வருது."

"சரியா எண்ணிப் பாரும்மா."

"மூணு தடவை எண்ணிட்டேன். அரைக் கட்டத்துக்கு நான் எங்கண்ணா ஊசி குத்தறது?"

கடைக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த ஏஐ கட்டம் கட்டமாக வரைவதில்லை, வரைந்தது மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கிட்டே போனால் ஒரு கட்டம் பெரிது, ஒன்று சிறிது, ஓரங்களில் கலங்கல், சிவப்பு மட்டுமே முப்பது விதம். அதைத் திருத்த வழி இருக்கிறதாம். எனக்கு அந்த வேலை பிடிபடவில்லை. கண்ணைத் திருத்துவது எனக்குத் தெரிந்த வேலை.

தங்கையைக் கடைக்கு வரச் சொல்லிச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் எழுத்துகளை ஒழுங்காகத்தான் படித்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"என் கண்ணுதான் கெட்டுப் போச்சா அண்ணா?"

"வயசாகுதில்ல. பயப்படாதே, நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் போட்டிருந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, பவரைக் குறைத்து, கோணத்தைக் கொஞ்சம் திருப்பி ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். இதைத்தான் 'என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான்' என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. கோபத்தில் எழுதியிருப்பாள். மண்ணெல்லாம் இல்லை, நல்ல லென்ஸ், ஃபிரேமும் கனமில்லாதது. அதைப் போட்ட பிறகு கட்டங்கள் எல்லாமே அவளுக்குச் சாய்ந்து தெரிந்தன. அரைக் கட்டம் எது, முழுக் கட்டம் எது என்ற பேச்சு நின்றுவிட்டது. தலைவலி என்றாள், பழகிவிடும் என்றேன். அடுத்த மாதம் இன்னொன்று மாற்றிக் கொடுத்தேன். மாடிப்படியில் ஒரு தடவை விழுந்தாள். பெரிய அடி இல்லை.

நான்காவது மாதத்தோடு தையலை விட்டுவிட்டாள். வெளியே போவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் படத்தைப் பார்த்து வாயால் சொல்வேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நிலையில் படமே தேவையில்லை, வெறும் வாயால் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தேன். பாப்பாவுக்கு ஒரு அறை கொடுத்தேன், அறையில் செடி வைத்தேன். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பூனை.

"பூனை வளர்க்கறாளா? சின்ன வயசுல அழுது அழுது கேட்டா. நான்தான் வேண்டவே வேண்டாம்னுட்டேன்" என்று தங்கை சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நேற்றுக் காலை அவள் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு, தெரியாமல் தானே மிதித்துவிட்டாள். கண் தெரியாதவள், பாவம். நான் கடையில் இருந்தேன். நூல் டப்பாவின் அடியில் நான்கு வருடத்துக்கு முந்தைய கண்ணாடி ஒன்று கிடந்ததை நான் மறந்தே போயிருந்தேன். நான் சாப்பிட வந்தபோது தட்டு இல்லை. மேஜை முழுக்க, நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்த நாற்பத்தோரு படங்களையும் பரப்பி வைத்திருந்தாள். மூக்கில் அந்தப் பழைய கண்ணாடி. ஊசி முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்கண்ணா?" என்றாள்.

"ஊர்லதான் இருக்கா. ஏம்மா?"

"என் பொண்ணு அரைக் கட்டம் போட மாட்டா."

ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். அத்தனை தூரம் தனியாக நடந்திருக்கிறாளே என்று எனக்கு ஒரே கவலை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று காலை காரில் பாப்பா தன் திட்டத்தைச் சொன்னாள். "மூணு மாசத்துல அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவேன் மாமா. இங்க பேசின மாதிரி இல்ல, வந்து பாத்தா அம்மாவுக்குப் பிடிச்சுடும். வீட்டைக் காலி பண்ணிடலாம். நீங்க கடைக்கு மேல இருக்கற ரூம்ல இருந்துக்கலாமே, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." அன்பாகத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. கடைக்கு மேலே இருக்கிற அறையை நினைத்தேன். பழைய ஃபிரேம்களைக் கொட்டி வைத்திருக்கிற அறை. அதில் ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

ஊர் எல்லையில் மூடிப்போன கல்குவாரி இருக்கிறதே, அங்கே நிறுத்தச் சொன்னது அவள்தான். "தண்ணி கலரைப் பாத்துட்டுப் போறேன் மாமா, ஒரே நிமிஷம்." விளிம்பில் போய் நின்றாள். "நாலே கலர் போதும், இதை அம்மாவுக்கு வரைஞ்சுடலாம்" என்றாள். நான் பின்னால் போய் அவள் முதுகில் கையை வைத்தேன். நீச்சல் தெரியாதவள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை மாமா என்று கூப்பிட்டாள். காரில் இருந்த போனை மட்டும் எடுத்துக்கொண்டு, பையையும் பிறகு உள்ளே போட்டேன். கிழக்குப் பக்கம், உடைந்த ஏணி கிடக்கும் இடத்துக்கு நேர் கீழே பாருங்கள். அன்று கடை திறக்க அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம். தங்கை இப்போது போட்டிருக்கும் பழைய கண்ணாடியின் பவர் அவளுக்குப் போதாது. சரியான அளவு எனக்கு மனப்பாடம், வேறு யாருக்கும் தெரியாது. நேற்றிலிருந்து அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிட்டாளா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?