ஷூவுக்குள் ஆணி

“ஷூவைக் குத்திகினு ஆணி காலுக்குள்ள ஏறிகீது மாமே. பொண்டாட்டி சொல்லித்தான் எனுக்கே தெரியும்.”

திருமழிசை பேருந்து நிறுத்தத்தில், ஷிஃப்ட் முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் சொன்னார். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

“வலிக்கலையா உனுக்கு?”

“சுகருல காலு மரத்துப்போச்சு. நாள் பூரா அத்தோட நடந்துகீறேன். இப்போ தெனம் ஊட்டுக்குப் போனதும் அவதான் பாதத்தைத் திருப்பிப் பாக்குறா. உனுக்கும் சுகருதானே, யாரு பாக்குறாங்க?”

“எம் பொண்டாட்டி செத்தப்புறம் ஊட்ல யாரு கீறாங்க, பாக்க?”

முதலாமவர் சாப்பாட்டுப் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

“ஷூவைக் கழட்டு.”

“இங்கியா? தோ, பஸ் வந்துச்சு.”

“அடுத்த பஸ்ல போலாம். கழட்டு.”

நான் ஏறி, ஜன்னல் வழியே பார்த்தேன். நண்பரின் பாதம் முதலாமவர் மடியில் இருந்தது.