மலை மருந்தகத்தின் சாவி

"செல் வருது! படுங்கோ!"

செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். தூரத்தில் பீரங்கி 'டும்' என்கிறது. மூன்று எண்ணுவதற்குள் பள்ளிக்கூடச் சுவர் சரிகிறது. கத்தியவர், எங்கள் பட்டாளம் இறங்கியிருக்கும் இந்தத் தீவின் ஊர்க்காரர். கடல் தாண்டியும் தமிழ்தான். அடிபட்ட சிப்பாய் மேல் கவிழ்ந்து கிடக்கிறேன். சட்டைப்பையில் ஒரு சாவி நெஞ்சைக் குத்துகிறது. கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்த மருந்தகத்தின் சாவி.

பட்டாளத்தில் நர்சிங் உதவியாளனாக இருந்து திரும்பியவன் நான். தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருந்தது. வெறும் காகிதம் என்று நினைத்தேன். மலையில் கம்பவுண்டர் வேலை கிடைத்தது. டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் நான் ஒருவன்தான். பாம்புக்கடி மருந்துத் தூளைக் கரைத்து ஊசி போடத் தெரிந்தவனும் நான்தான். பிறகு தந்தி வந்தது. சண்டைக்கு ஆள் பற்றவில்லையாம்.

"தைரியமா போ. ஒரே வாரத்துல உன் எடத்துக்கு ஆள் வந்துடும்" என்றார் மேலதிகாரி.

"சாவிங்க?"

"யாருகிட்டயும் குடுக்காத. இன்னொண்ணு ஆபீஸ்ல கீது."

நம்பினேன். உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை.

ஏழு மாதம் கழித்துத் திரும்பினேன். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்கள். ரோடு நெடுக வெட்டிப் போட்ட புளியமரங்கள். பஸ் இல்லை. சங்கராபுரத்திலிருந்து நடந்தேன். அடிவாரத்தில் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி நின்றான். மொட்டை அடித்திருந்தான்.

"புது ஆளு வரவேயில்ல மாமா. போன வாரம் மரவள்ளிக் காட்டுல அக்காவ விரியன் கடிச்சிடுச்சி. பூட்ட ஒடைச்சோம். மருந்து இருந்துச்சி. தூளா இருந்துச்சி மாமா, இன்னா பண்றதுன்னு யாருக்கும் தெரியல. கட்டில்ல வெச்சி கீழ தூக்கினு ஓடியாந்தோம். மறியல்காரங்களே மரத்தத் தள்ளி வழி வுட்டாங்க. அதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சி."

மேலதிகாரியிடம் போனேன். "மேல எழுதிக்கினேதாம்பா இருந்தேன்" என்றார். ஃபைலை எடுத்துக் காட்டினார். குண்டு போட்டவனைக்கூட மன்னித்துவிடுவேன். இவரை மாட்டேன். ரிசர்வ் என்றால் வீட்டில் சும்மா இருக்கிற ஆள் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். நானா சும்மா இருந்தேன்?

அன்றே மலையேறினேன். மருந்தகக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆட்டுப் புழுக்கை.

தீவில் என் கையால் பிழைத்தவர்கள் பதினொரு பேர். மலையில் நான் இல்லாமல் செத்தவர்கள் மூன்று பேர். பிரசவத்தில் ராசம்மாள். அவள் பெற்ற குழந்தை. என் ஸ்டெல்லா.

அலமாரியில் பாம்புக்கடி மருந்தை எண்ணினேன். வைத்துவிட்டுப் போனது பத்துக் குப்பி. பத்தும் இருந்தன.